இரு கைகளாலும் பிடிக்கவும்

பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் மரியாதைக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பாமல் இருப்பது உங்கள் எலும்புகளுக்கு நல்லது. நம்பிப் போனவர்களில் பாதிப் பேர் கட்டுப் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள்.

அந்தப் பிரிவு பிறந்த கதை சின்னது. அங்கே 'முதுகொடிச்சான்' என்று ஒரு ராட்சச ரயில் இருக்கிறது. மலைபோல் ஏறி, கிணற்றில் விழுவதுபோல் இறங்கி, நடுவில் ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிடும். அதில் கை ஒடிந்தவர்களையும் கழுத்துப் பிசகியவர்களையும் வாரம் தவறாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதெல்லாம் எந்தப் பிரிவும் யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள், படம் பிடித்துக்கொண்டே தொங்கிய யாரோ ஒருவரின் கையிலிருந்து நழுவிய செல்போன் பறந்து வந்து, கீழே நின்று விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்த பொது மேலாளரின் வாயில் இறங்கியது. முன்பற்கள் போயின. மறுநாள் காலையில் 'சவாரிப் படப்பிடிப்பு மரியாதைப் பிரிவு' உதயமாகிவிட்டது. சாம்பல் நிறச் சீருடை, கறுப்புத் தொப்பி, இடுப்பில் ரப்பர் தடி.

மரியாதைக்கு எதற்குத் தடி என்று கேட்பவர் நம் மொழியை ஒழுங்காகக் கேட்டதில்லை என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சில் 'மரியாதையா' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும்? மரியாதையா கொடுத்துடு. மரியாதையா ஓடிடு. சொல் முன்னால் வரும், ஓங்கிய கை பின்னால் வரும். அந்தப் பிரிவு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வம்புக்குள் வந்து மாட்டிக்கொண்டவர் ஒரு பஸ் கண்டக்டர். பாதி ஆயுளை ஓடும் வண்டியில் நின்றே கழித்த மனிதர். பயணிகள் வாய்க்கு வந்தபடி ஏசினாலும் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதவர். விடுமுறை நாளில் வீட்டில் மல்லாந்து படுப்பதே அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு. ஆனால் அவர் மனைவிக்கு ஓர் ஆசை. அவளுடைய அக்கா முதுகொடிச்சானில் ஏறி, தலைகீழாகத் தொங்கும்போது தன்னைத்தானே படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதில் அக்கா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"நான் கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு எடுத்து அனுப்பறேன் பாருங்க" என்றாள் மனைவி.

"எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"ஏங்க, நீங்க தெனமும் வண்டியில தொங்கறீங்க. நான் ஒருநாள் தொங்கக் கூடாதா?"

கிளம்பிவிட்டார்கள்.

டிக்கெட் வாங்கியதும் நேராக ஒரு கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மரியாதை வகுப்பு. கையில் செல்போன் இருக்கிற எவரும் அதைக் கேட்காமல் உள்ளே போக முடியாது. மேடையில் மரியாதை அதிகாரி நின்றார். அவருக்குக் கழுத்து என்று ஒன்று இல்லை. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது.

"அன்பான விருந்தினர்களே" என்று ஆரம்பித்தார். "இங்க நாங்க யாரையும் அடிக்கறோம்னு வெளியில ஒரு பேச்சு இருக்கு. சுத்தப் பொய். அப்படிச் சொன்ன ஒருத்தரையும் நாங்க உயிரோட... சும்மா விட்டதில்ல."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

பிறகு விதிகளைச் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர் படத்தில் விழுவதாக இருந்தால் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். தலைகீழாகத் தொங்கினாலும், 'தங்களைப் படம் பிடிப்பதில் தங்களுக்கு மனவருத்தம் ஏதும் உண்டா?' என்று முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். அவர் அலறிக்கொண்டிருந்தால் அலறி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாந்தி எடுப்பவரைப் படம் பிடிக்கலாகாது. அந்த வாந்தி தன்மேல் விழுந்தால் தன்னை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர், பாவம், கையைத் தூக்கிவிட்டார்.

"சார், அந்த வேகத்துல அவ்ளோ பெரிய வாக்கியம் எப்படி சார் பேசறது?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. மேல வாங்க." ஒல்லி ஆள் மேடையேறினார். "எதுக்கு இவ்ளோ கட்டுப்பாடுன்னு சில பேருக்குப் புரியறதில்ல. போனை வெச்சு ஆட்டும்போது முழங்கை பக்கத்து ஆள் மூக்குல பட்டா என்ன ஆகும்? செயல்முறை விளக்கம்." சொல்லி முடிக்கும்போதே அதிகாரியின் முழங்கை அவர் மூக்கில் இறங்கிவிட்டது. கண்ணாடி இரண்டாக உடைந்து பறந்தது. மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப் பொத்தான் வரிசையில் வழிந்தது. "பாத்தீங்களா? இந்தக் கொடுமை நடக்கக் கூடாதுன்னுதான் நாங்க பாடுபடறோம்."

கூடம் கைதட்டியது. ஒல்லி ஆளும் தட்டினார். பின்னால் நின்ற காவலர் தடியை உருவியிருந்ததால் சற்று பலமாகவே தட்டினார்.

"வீட்டுக்குப் போயிடலாமாம்மா?" என்று கண்டக்டர் மனைவியின் காதில் கேட்டார்.

"அவர் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் அவள். அடிபட்டவரைப் பற்றி அடிபடாதவர்கள் எப்போதும் சொல்கிற வார்த்தை. கண்டக்டரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

வரிசையில் நின்றபோது இன்னொரு கூத்து. முன்னால் நின்ற புதுமணத் தம்பதி செல்ஃபி குச்சி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். "தடி வெச்சுக்கற உரிமை பிரிவுக்கு மட்டும்தான்" என்று ஒரு காவலர் அதைப் பிடுங்கினார். குச்சி கண்ட இடத்தில் உடைக்கப்பட வேண்டும் என்பது விதி. எதன்மேல் அடித்து உடைப்பது என்று விதியில் இல்லாததால் மாப்பிள்ளையின் முதுகில் அடித்து உடைத்தார். நல்ல எஃகுக் குச்சி, லேசில் உடையவில்லை. அடித்து அடித்துக் காவலருக்கு மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை தரையில் சுருண்டு கிடந்தார். புதுப்பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் காவலரிடம் நீட்டினாள். ஒலிபெருக்கியில் தேன் குரல் ஒன்று, 'உங்கள் புன்னகையே எங்கள் ஊதியம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ரயில் நிற்கும் மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆள் உயரப் பலகை. 'இரு கைகளாலும் பிடிக்கவும்.' அவ்வளவுதான். எதை என்று இல்லை. மீதி இடத்தில் பொது மேலாளர் பல் போவதற்கு முன்னால் எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு வரியால் அங்கே எத்தனை மண்டை உடைந்திருக்கிறது தெரியுமா? கம்பியை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும் என்று எழுதியவர் நினைத்தாரோ என்னவோ. படத்தை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும், ஒற்றைக் கையால் பிடிப்பது அவமரியாதை என்று பிரிவில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். காலைப் பணிக்காரர்கள் கம்பியைப் பிடிக்காதவனை அடித்தார்கள். மாலைப் பணிக்காரர்கள் போனை ஒற்றைக் கையால் பிடித்தவனை அடித்தார்கள். பணி மாறுகிற நேரத்தில் ஏறியவர்களை இரு தரப்பும் அடித்தார்கள்.

கண்டக்டர் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தார். கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"சார், எதைப் பிடிக்கணும்?"

"மொதல்ல உன் நாக்கைப் புடி" என்றார் காவலர். தடி தோள்பட்டையில் இறங்கியது. கண்டக்டருக்குக் கண் இருட்டியது. "கேள்வி கேக்கறவனுக்கு சவாரி கிடையாது. மரியாதையா ஓரமா நில்லு."

"நீங்க இங்கயே நில்லுங்க, நான் போயிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள் மனைவி. மூன்றாவது பெட்டியின் ஓர இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள், போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டாள்.

மடிக்குமேல் இரும்புக் கம்பிகள் இறங்கின. மற்ற இருக்கைகளில் டக், டக் என்று சத்தம் கேட்டது. அவள் இருக்கையில் சத்தமே இல்லை. கம்பி மடிவரை வந்தது, மறுபடி மெல்ல எழும்பி நின்றுகொண்டது. அவள் போனில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார். ரயிலைக் கிளப்பும் பொத்தானருகே உட்கார்ந்திருந்தவரிடம் ஓடினார்.

"அண்ணே, மூணாவது பெட்டியில கம்பி பிடிக்கல!"

"தெரியும்" என்றார் பொத்தான்காரர்.

"தெரியுமா?"

"போன வாரமே பிடிக்காம போச்சு. ஏறறவங்க கொஞ்சம் அழுத்தி உக்காந்துக்கறாங்க."

"ஐயோ, நிறுத்துங்கண்ணே! என் சம்சாரம் உக்காந்திருக்கா!"

"நான் கிளப்பத்தான் முடியும் தம்பி. நிறுத்தற செவப்புப் பொத்தானை மரியாதைப் பிரிவு எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மேனேஜர் பல்லு போன அன்னிக்கே." சொல்லிக்கொண்டே பச்சைப் பொத்தானை அமுக்கினார். ரயில் சங்கிலியில் மாட்டி, கடகடவென்று ஏற்றத்தில் ஏற ஆரம்பித்தது.

கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். வண்டி நிற்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். கூட்டம் உற்சாகமாகித் திருப்பி விசில் அடித்தது. மனைவி மேலிருந்து கையசைத்தாள், உடனே பலகை நினைவுக்கு வந்து மறுபடி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணை அதிகாரி, கையில் சிவப்புப் பொத்தான் பெட்டி. கண்டக்டர் காலில் விழாத குறை.

"சார், கம்பி பிடிக்கல சார்! தலைகீழா திரும்பினா அவ விழுந்துடுவா! நிறுத்துங்க சார்!"

"ஐயா, பதறாதீங்க" என்றார் அதிகாரி நிதானமாக. "கம்பி என் துறை இல்ல. படம் பிடிக்கறதுல மீறல் நடந்தா மட்டும்தான் நான் இந்தப் பொத்தானைத் தொடலாம். இன்னிக்குக் கம்பிக்காக நிறுத்தினா நாளைக்குச் சக்கரம் கழண்டா நிறுத்தச் சொல்லுவாங்க. அப்புறம் ரயில் எப்பத்தான் ஓடறது? தவிர, உங்க சம்சாரத்தைப் பாருங்க. ரெண்டு கையாலயும் எவ்ளோ மரியாதையா பிடிச்சிருக்காங்க! அப்படிப்பட்ட விருந்தினரை நடுவழியில நிறுத்த எனக்கு மனசு வருமா?"

கண்டக்டர் தன் போனை எடுத்தார். வாழ்நாளில் அவர் ஒரு படம் பிடித்ததில்லை. அதிகாரியின் மூக்குக்கு நேரே அதை நீட்டி, "உன்னைப் படம் பிடிக்கறேன்டா! ஒத்தைக் கையால! அனுமதி கேக்காம! நிறுத்து!" என்று கத்தினார். உண்மையில் கேமரா வரவில்லை. டார்ச் விளக்குதான் எரிந்தது.

நாலு தடிகள் ஒரே நேரத்தில் அவர்மேல் விழுந்தன. உதடு கிழிந்தது. அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டே சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் துணை அதிகாரி. "நம்மது சவாரிப் படப்பிடிப்பு. இவன் தரையில நிக்கறான்."

அதிகாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஆமால்ல. தரையில பண்ணினா அடிக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது."

கண்டக்டர் ஒரு காவலரின் கையைக் கடித்துவிட்டு ஓடினார். ரயிலின் கடைசிப் பெட்டி ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடும் வண்டியில் தொற்றுவது அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டிப் பாய்ந்து ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பற்றினார், காலை எதிலோ ஊன்றினார், மறு கையால் போனை எல்லாருக்கும் தெரியும்படி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இப்ப சவாரிதானே! இப்ப நிறுத்துடா!"

"மீறல்!" என்று அதிகாரி அலறினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. சிவப்புப் பொத்தான் அமுங்கியது.

ரயில் வெட்டிக்கொண்டு நின்றது. மனைவி எம்பி முன் இருக்கையில் மோதினாள். புருவம் பிளந்து ரத்தம் வந்தது. போன் கையிலிருந்து பறந்து கீழே ஒரு காவலரின் மண்டையைப் பதம் பார்த்தது. காவலர்கள் பக்கவாட்டுப் படியில் ஏறி வந்து கண்டக்டரைத் தலைமுடியைப் பற்றி இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் அவர் விலா ஒருமுறை இடித்தது. கீழே கொண்டுவந்து போட்டு மிதித்தார்கள். வரிசையில் நின்றவர்களும், "எவ்ளோ நேரமா நிக்கறோம், கெடுத்துட்டானே" என்று செருப்புக்காலோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். கிழிந்த முதுகோடு மாப்பிள்ளையும் வந்து ஓர் உதை விட்டுப் போனார். கண்டக்டருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக் கையோடு வந்தது.

ரயிலைப் பின்னோக்கி மேடைக்கே இறக்கிக் கொண்டுவந்தார்கள். மனைவி புருவத்தைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தலைகீழா போயிருப்பேன்!"

"போயிருப்பேம்மா" என்றார் கண்டக்டர், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "அதைத்தான் நானும் சொல்றேன்."

கம்பியைப் பற்றிச் சொன்னார். அவள் திரும்பி அந்த இருக்கையைப் பார்த்தாள். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அதிகாரி எழுந்து கையமர்த்தினார்.

"விருந்தினர்களே! கம்பி பிடிக்கலைன்னு இந்த ஆள் வதந்தி பரப்பறான். ஒரு மரியாதை தெரியாதவன் சொல்றது எப்படி உண்மையா இருக்கும்? நான் இந்தப் பதவிக்கு வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட இந்த ரயில்ல ஏறினதில்ல. எனக்கே பயம். ஆனா உங்க நம்பிக்கை முக்கியம். இதோ, அதே இருக்கையில நான் உக்காரறேன்." உட்கார்ந்தார், குதித்துக் காட்டினார். "கம்பிக்குப் பிடிக்கலைன்னா போகட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு!"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

கண்டக்டர் தவழ்ந்துபோய் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "சார், வேண்டாம் சார். நீங்க என்னை எவ்ளோ வேணா அடிச்சுக்குங்க. இறங்கிடுங்க சார்."

"மரியாதையா காலை விடு" என்று அதிகாரி பூட்ஸால் அவர் மார்பில் உதைத்தார். அதுதான் அவர் பேசிய கடைசி மரியாதை.

பச்சைப் பொத்தான் அமுங்கியது. ரயில் ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, பாய்ந்தது. தலைகீழாகத் திரும்புகிற வளைவில் ரயில் ஒரு பக்கம் போயிற்று, அதிகாரி ஒரு பக்கம் போனார். கையும் காலும் விரித்து, கத்தக்கூட மறந்து, கீழே முதுகொடிச்சானின் பெயர் தாங்கிய வரவேற்புத் தோரணத்தின் இரும்பு எழுத்துகள்மேல் விழுந்தார். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கண்டக்டரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். ரயில் வழக்கம்போல் சுற்றி முடித்து, மூன்றாவது பெட்டியின் ஓர இருக்கை காலியாக வந்து நின்றது. தொப்பி மட்டும் காற்றில் தாமதித்து வந்து மேடையில் விழுந்தது.

துணை அதிகாரி அதை எடுத்துத் தூசி தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"யாராவது பிடிச்சீங்களா?"

"அவ்ளோ ஒசரத்துலேர்ந்து வர்றவரை எப்படி சார் பிடிக்கறது?" என்றது ஒரு குரல்.

"ஆளை இல்லைய்யா. படம். யாராவது படம் பிடிச்சீங்களா?"

எல்லாரும் காலிக் கைகளைக் காட்டினார்கள். தடிகளுக்கு நடுவில் எவனுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

"நல்லது. அப்ப மீறல் எதுவும் நடக்கல. நிறுத்தறதுக்குக் காரணம் இல்ல. அடுத்த ஆளுங்க ஏறுங்க."

கண்டக்டரையும் மனைவியையும் இழுத்துக்கொண்டு போய் வெளிவாசலில் விட்டார்கள். விடுவதற்குமுன் ஒரு சின்ன அறை. அங்கே கேமரா ஒன்று இருந்தது. பூங்காவிலேயே அனுமதி தேவைப்படாத கேமரா அது ஒன்றுதான்.

"மரியாதையா உங்க அனுபவத்தைச் சொல்லிட்டுப் போங்க" என்றார் காவலர்.

கண்டக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்து ஒன்று விடாமல் சொன்னார். கம்பி எப்படி எழும்பிற்று என்று கையால் காட்டினார். மனிதன் எப்படி விழுந்தான் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். யாரும் ஏறாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். மனைவி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"பிரமாதம் சார், நல்லா உணர்ச்சியா வந்திருக்கு" என்றாள் கேமராக்காரப் பெண். "சத்தம் பதிவாகாது. பாட்டு நாங்களே போட்டுக்குவோம்."

வெளியே வந்தால் வாசல் திரையில் அவர் முகம், ஒரு வீடு அளவுக்கு. வாயை அகலத் திறந்து, கைகளை விரித்து ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி சிரிப்பு தாளாமல் குலுங்குவதுபோல் இருந்தது. அடியில், 'முதுகொடிச்சானில் ஏறி இறங்கிய மகிழ்ச்சி! நீங்களும் வாருங்கள்!' டிக்கெட் வரிசையில் நின்ற கூட்டம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

கண்டக்டர் நொண்டிக்கொண்டே வரிசையை நோக்கி ஓடினார். "ஏறாதீங்க! மூணாவது பெட்டியில ஏறாதீங்க! கம்பி பிடிக்கல! ஆள் செத்துட்டாரு!"

"டேய், திரையில வர்றவரு!" என்று யாரோ கூவினார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு சூழ்ந்துவிட்டார்கள். அவர் கத்தக் கத்தப் போன்கள் நெருங்கி வந்தன. மனைவி ஒவ்வொரு கையாகத் தட்டிவிட்டாள், "அவர் சொல்றதைக் கேளுங்களேன், கேளுங்களேன்" என்று அழுதாள். அவளையும் பிடித்தார்கள்.

கைக்குழந்தையோடு நின்ற ஒருவர் மட்டும் பணிவாக அருகில் வந்தார்.

"சார், கோச்சுக்காதீங்க. இன்னொரு தடவை அதே மாதிரி கத்துங்க. மொதல் தடவை நான் பிடிக்கல."

கண்டக்டர் குழந்தையைப் பார்த்தார். இன்னொரு தடவை கத்தினார். உயிரே வெளியே வந்துவிடும்போல் கத்தினார். குழந்தைக்காரர் நிதானமாகப் பிடித்து முடித்து, ரொம்ப நன்றி என்று சொல்லி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குழந்தையைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது. உள்ளே போய்விட்டார்.